பேரீச்சங்கொட்டைக் காப்பி

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் எப்போதும் மற்ற சங்கதிக்குப் போவேன். இந்தத் தடவை அப்படித் தொடங்க மனம் வரவில்லை. உன் அத்தாவுக்கு நெஞ்சில் கோளாறு. உடனே பதறாதே. இன்று காலையிலும் இட்லி சாப்பிட்டார், தோல் மண்டியைத் திறக்கப் போயிருக்கிறார், குடையை எடுத்துக் கொடுக்கவில்லை என்று போகும்போது என்னைச் சத்தமும் போட்டார். சத்தம் போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறார் என்று மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. மீதியை நான் என் வழியில்தான் சொல்வேன். நீ கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். ராபியா போடுகிற காப்பி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நம் வீட்டுக் காப்பி மாதிரி இல்லை, எப்படிப் போடுவீர்கள் என்று விவரமாக எழுதுங்கள் அம்மா என்று. கல்யாண மருதாணி அழிவதற்குள் பெண்டாட்டி போடும் காப்பியில் குறை கண்டுபிடித்துவிட்டாய். சரியான அத்தா பிள்ளை. அவளிடம் இதைச் சொல்லித் தொலைக்காதே. காப்பியைப் பற்றியே எழுதுகிறேன். உன் அத்தாவின் நெஞ்சைப் பற்றிச் சொல்வதற்கும் எனக்கு அந்த ஒரு வழிதான் இருக்கிறது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும். சிறுமலைப் பக்கம் மேகம் கறுத்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கும் முன்னே மின்னலுக்குப் பயந்து சுவர்க் கண்ணாடியை மூடுகிறவள் நான். நீ பழனிக்கு பஸ் ஏறினால் திரும்பி வரும்வரை எனக்குத் தண்ணீர் இறங்காது. பெங்களூருக்கு நீ வேலைக்குப் போன புதிதில் கெட்ட கனவு கண்டேன் என்று உன்னை வரச் சொல்லி எழுதினேன். நீயும் லீவு போட்டு அடித்துப் பிடித்து வந்தாய். தேங்காய்ச் சோறும் கறி ஆணமும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "கனவுக்கெல்லாம் கம்பெனில லீவு குடுக்க மாட்டாங்கம்மா" என்று சிரித்தாய். உன் அத்தாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதனால்தான் இப்போது இதை எழுதும்போது நீ நம்ப வேண்டுமே என்று கவலையாக இருக்கிறது.

முதலில் கொட்டை. அரைத்து வைத்த பொடியை வாங்காதே, அதில் சிக்கரி கொஞ்சமாவது கலந்திருக்கும். எடை கூட்ட உப்பை அள்ளிப் போட்டு நிறுவைக்குக் கொண்டுவரும் ஆட்டுத்தோல் மாதிரி அது என்பார் உன் அத்தா. பச்சைக் கொட்டையாக வாங்கு. நமக்குச் சிறுமலையிலிருந்தும் தாண்டிக்குடிப் பக்கமிருந்தும் இறங்குகிறது, உங்களுக்கு அங்கே கிடைக்காத கொட்டையா? பீபெரி என்று கேட்டால் உருண்டையாகக் கொடுப்பார்கள். உன் அத்தா கொட்டை வாங்கும் அழகை நீ பார்த்திருக்கிறாய். தோலைத் தடவுகிற மாதிரியே இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தேய்ப்பார், மூக்கருகில் கொண்டுபோவார், கண்ணை மூடிக்கொள்வார். இது போன வருசத்துக் கொட்டை, இது மழையில் நனைந்தது என்று சொல்வார். கடைக்காரர் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. பச்சைத் தோல் நாற்றத்திலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இப்படி ஒரு மூக்கா என்று கல்யாணமான புதிதில் நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

வறுப்பது பெண்கள் வேலை என்று விட்டுவிடாதே, நீயும் கற்றுக்கொள். இரும்பு வாணலியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். கையை நிறுத்தக் கூடாது. பச்சை மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும், அப்புறம் படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கிக் கொட்டை சிவந்து வரும்போதே முறத்தில் கொட்டிவிடு. வாணலியிலேயே விட்டால் அடுப்பு அணைந்த பிறகும் அந்தச் சூட்டில் கருகிவிடும். ஆறியதும் அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரை. பித்தளை பில்டராக இருந்தால் உள்ளே ஈயப் பூச்சு போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள், பூச்சு போனால் களிம்பு ஏறும், அது உடம்புக்கு விஷம். காப்பிக்குள்ளும் அம்மா பயத்தைக் கொண்டுவந்துவிட்டாள் என்று சிரிக்காதே. பொடியைப் போட்டு லேசாக அழுத்து. தண்ணீர் கொதித்ததும் சுற்றிச் சுற்றி ஊற்று. அப்புறம் தட்டாதே, குலுக்காதே, மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே. தானாக இறங்கும் டிகாஷனில்தான் ருசி. பால் ஒருமுறை பொங்கியதும் இறக்கிவிடு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் நல்ல டிகாஷனை ஊற்றுவது வீண் வேலை.

இப்படித்தான் நம் வீட்டில் காப்பி போட்டேன், நீ பெங்களூருக்குப் போகும்வரை. நீ போன பிறகு, நோன்பு தொடங்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது, உன் அத்தா தோல் வாங்கத் தொப்பம்பட்டிப் பக்கம் போனார். அவருக்கு வழக்கமாகத் தோல் கொடுக்கும் கவுண்டர் ஒருவர் இருக்கிறாரே, பெருநாளைக்குத் தேங்காய் கொண்டுவருவாரே, அவர் தோட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் அத்தா மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கார் நின்ற சத்தம் கேட்டே ஓடி வந்தேன், காரில் வருகிற ஆள் யார் நமக்கு இருக்கிறார்கள்? கவுண்டர் இறங்கி வந்து, "ஏனுங்கம்மா, பயப்படாதீங்க. பாய்க்கு நெஞ்சுல புடிச்சுக்கிச்சுங்க. பழனி டாக்டர்கிட்ட காட்டி ஊசி போட்டுத்தானுங்க கூட்டியாரேன்" என்றார். உன் அத்தா அவர் தோளில் சாய்ந்து நடந்து வந்தார். முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. அன்றைக்கு அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "மகனுக்கு எழுதிராத. புதுசா வேலைக்குப் போயிருக்கான். கேட்டா ஓடி வந்துருவான்" என்பதுதான். அல்லாஹ் மேல் ஆணையாக எழுத மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் படுத்தார்.

நம் ஊர் டாக்டர் வந்து பார்த்தார். நோன்பு வைக்கக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், மாடிப்படி ஏறக் கூடாது, காப்பியை அறவே நிறுத்த வேண்டும் என்றார். நோன்பை விடச் சொன்னபோது உன் அத்தா தலையை ஆட்டினார். காப்பியை விடச் சொன்னபோதுதான் கோபம் வந்தது. "காப்பிய நிப்பாட்டுறதுக்கு கபன் துணிய எடுத்து வச்சிரச் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டரும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சாவுத் துணிப் பேச்சில் சிரிப்பு வரவில்லை. டாக்டர் போகும்போது வாசலில் என்னைத் தனியாக அழைத்து, இன்னொரு தடவை இப்படி வந்தால் நம் கையில் இல்லை, மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். அதை உன் அத்தாவிடம் சொன்னேன். "ஒண்ணுமில்ல புள்ள, வாயுவு. மதுரைக்குப் போயி படுத்தா மண்டிய யாரு பாக்குறது?" என்று முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒவ்வொரு தம்ளர் காப்பி கொடுக்கும்போதும் என் நிலைமை என்னவென்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொடுக்க மாட்டேன் என்றால் மண்டி பக்கத்து ஹோட்டலில் குடிப்பார், அங்கே போடுகிற காப்பி இன்னும் கெடுதல். கொடுத்தால் அந்தக் கெடுதலை நானே கொடுத்ததாக ஆகும். அவர் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைக்கும் வரைக்கும் அவர் மார்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சட்டை மேலே ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பேன். "என்ன புள்ள, என்னமோ தோலுல ஓட்டை தேடுற மாதிரி பாக்குற" என்பார்.

நோன்பு வந்தது. நான் நோன்பு திறக்கும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிடுவார். தட்டில் கிடந்த கொட்டைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யுத்த காலத்தில் காப்பிக்கொட்டை கிடைக்காதபோது என் அம்மா வீட்டில் பேரீச்சங்கொட்டையை வறுத்து இடித்துக் காப்பி போட்டிருக்கிறார்கள். கறுப்பாகவும் இருக்கும், கசக்கவும் செய்யும். நெஞ்சைப் படபடக்க வைக்கிற சமாச்சாரம் மட்டும் அதில் இல்லை. நோன்பு மாதத்தில் நம் தெருவில் பேரீச்சங்கொட்டைக்கா பஞ்சம்? மருந்துக்கு வேண்டும் என்று சொல்லி வீடு வீடாக வாங்கினேன். கழுவிக் காய வைத்து, கருக வறுத்து, இரும்பு உரலில் இடித்து, அப்புறம் மிஷினில் அரைத்தேன். மிஷின் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். முதலில் காப்பிப் பொடியில் ஒரு பங்கு கலந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பாதிக்குப் பாதி. பெருநாள் வருவதற்குள் நிஜக் காப்பி ஒரு சிட்டிகைதான், மேலே தூவுவதற்கு. அவர் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வருகிற நேரத்துக்கு ஒரு கைப்பிடி நல்ல கொட்டையை வாணலியில் போட்டு வறுத்துவைப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை அவர் மூக்குக்குப் போக வேண்டும். வாசனைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்பார். முதல் சில நாள் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த "நல்லாருக்கு" என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது. மழையில் நனைந்த கொட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனிதருக்குப் பேரீச்சங்கொட்டை எப்படித் தெரியாமல் போகும்? மூக்கும் நாக்கும் மரத்துப்போகிற அளவுக்கு உடம்பு உள்ளே கெட்டுவிட்டதா? ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாரா? கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். கேட்டால் குட்டு உடையும், ஹோட்டல் காப்பிக்குப் போய்விடுவார். கேட்காமல் இருந்தாலோ தினமும் சாயங்காலம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். என் கூட்டாளி பயம்தான், வேறு யாரிடம் சொல்ல?

உன் நிக்காஹ் அன்று நடந்ததை இப்போது சொல்கிறேன். பந்தலில் சமையல்காரர்கள் அண்டாவில் காப்பி கலந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன், உன் அத்தா கையில் ஒரு தம்ளர் இருந்தது. அவசரமாகக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கையில் தம்ளரோடே திரை ஓரத்துக்கு வந்தார். என்ன விசயம் என்றார். "தாகமா இருக்கு" என்று தம்ளரைப் பிடுங்கி ஒரே மடக்காகக் குடித்தேன், நாக்கு வெந்துவிட்டது. மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்த நீ அதைப் பார்த்துவிட்டு அப்புறம் என்ன சொன்னாய்? "அம்மாவுக்கு அத்தாவோட எச்சிக் காப்பிதான் கேக்குது" என்று உன் கூட்டாளிகள் எதிரில் கேலி செய்தாய். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி நீ அனுப்பிய பார்சல். முந்தாநாள் சாயங்காலம் வந்தது. உனக்குத் தெரியாது, உன்னைக் குறை சொல்ல மாட்டேன். பெங்களூரில் கிடைக்கிற உசத்தியான காப்பிப் பொடி, சிக்கரி இல்லாதது, அத்தாவுக்கு என்று சீட்டு வைத்து ஆசையாக அனுப்பியிருக்கிறாய். அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நெம்பித் திறந்தார். வீடு முழுக்க மணத்தது. "மகன் அனுப்பிருக்கான். இதுல ஒரு தம்ளர் போட்டுக் கொண்டா" என்றார். டப்பாவை உள்ளே கொண்டுபோய் என் பொடியிலேயே காப்பி போட்டுவிடலாம் என்று எழுந்தேன். அவரும் எழுந்து என் பின்னாலேயே வந்தார். அடுப்படிக்குள் கால் வைக்காத மனிதர், மணையை இழுத்துப் போட்டு வாசற்படிக்கு நேராக உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. அவர் பார்க்கப் பார்க்க உன் பொடியை அள்ளிப் போட்டேன். தண்ணீர் கொதித்தது. ஊற்றும்போது பாதித் தண்ணீர் அடுப்பு மேட்டில் சிந்தியது. டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. யா அல்லாஹ், இந்தப் பில்டர் அடைத்துக்கொள்ளக் கூடாதா, பால் திரிந்துபோகக் கூடாதா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேயிருந்தேன். பால் நன்றாகப் பொங்கியது. கலந்து நுரை வரும்படி ஆற்றி அவர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தம்ளரை மூக்கருகில் கொண்டுபோனார். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. தரையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"நீ குடி" என்றார்.

"ஏங்க? நல்லால்லையா?"

"வாசமே சொல்லுதே, அம்புட்டு நல்லாருக்கும்." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அந்தக் கொட்டைக் காப்பியவே போட்டுக் குடு புள்ள. எனக்குப் பயமா இருக்கு."

மகனே, இத்தனை வருசத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பயம் என்பது என் சாமான், இந்த வீட்டில் அவர் அதைத் தொட்டதே கிடையாது. தெரியுமா உங்களுக்கு என்று கேட்டேன். "மொத நாளே தெரியும். பேரீச்சங்கொட்டை வாசம் தெரியாமயா இருக்கேன்? நிப்பாட்டணும்னு நானே நெனச்சேன். பயந்து நிப்பாட்டிட்டேன்னு நீ நெனச்சா நீ இன்னும் பயந்துருவ. அதான் நல்லாருக்குன்னேன்" என்றார். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். மண்டியில் இருக்கும்போது நெஞ்சு மறுபடி வலித்திருக்கிறது, ஒரு தடவை அல்ல. தோல் கட்டு மேல் சாய்ந்து உட்கார்ந்து, அடங்கியபிறகு எழுந்து வந்திருக்கிறார். ஒரு நாள் கையைத் தூக்க முடியாமல் வலக்கையால் இடக்கையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்திருக்கிறார். அன்றைக்கும் என் கையில் காப்பி வாங்கி நல்லாருக்கு என்றுதான் சொன்னார்.

நான் பெருங்குரலெடுத்து அழுதுவிட்டேன். பயந்துகொண்டிருப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தவரைக்கும் எனக்குள் ஒரு தைரியம் இருந்திருக்கிறது, அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் எவ்வளவு பயந்தாலும் அவர் சிரித்துக்கொண்டு நிற்பார், அதைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்பேன். இனி எதைப் பிடித்துக்கொள்வது? மதுரைக்குப் போவோம், நாளைக்கே போவோம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "மகன் வந்துரட்டும்" என்றார். உடனே தந்தி அடிக்கிறேன் என்றேன். "வேணாம். தந்தியக் கண்டா பயலுக்கு அங்கேயே உசுரு போயிரும். காயிதம் போடு. அத்தா வரச் சொன்னாருன்னு எழுது" என்றார். எழுதக் கூடாது என்று ஆணை வாங்கியவர் அவர்தான், அவரே சொன்னபிறகுதான் பேனாவை எடுத்தேன்.

கம்பெனியில் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, அதை நீ பார்த்துக்கொள். ராபியாவையும் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் மதுரையில் இருக்கிற நாட்களில் அவள் எனக்குத் துணையாக இருப்பாள். பேரீச்சங்கொட்டைப் பொடி இன்னும் அரை டப்பா இருக்கிறது, புறப்படும்வரை அவள் கையால் அவருக்குக் காப்பி போடச் சொல்கிறேன், என் கை இப்போது சரியில்லை. இங்கே வந்ததும் அவரைக் கேள்வி கேட்டுத் துளைக்காதே. ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே. வழக்கம்போலத் தோல் விலையைப் பற்றிப் பேசு, போதும். மதுரைக்குப் புறப்படும்போது பஸ் படி ஏறும் இடத்தில் மட்டும் அவர் கொஞ்சம் நிற்பார், கம்பியைத் தேடுகிற மாதிரி கையை நீட்டுவார். வாய் திறந்து கேட்க மாட்டார். நீயாகவே அவர் கையைப் பிடித்துக்கொள்.

உன் அம்மா